டயர் கருப்பும் ரெண்டு வெள்ளி பிரஷ்ஷும்

டயருக்கு என்ன அடிக்கிறீங்க என்று கேட்பவர்கள் நிறையப் பேர். எதை வைத்து அடிக்கிறீங்க என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தாமானை, அதாவது குடியிருப்பை, ஒரு சுற்று வந்தால் வீட்டுக்கு ஒரு கார் வாசலில் நுரையோடு நிற்கும். பசியாறிவிட்டு அந்தப் பக்கம் வருகிற அண்ணன்மார்கள் நின்று, டயரைக் கருப்பாக்கப் பூசும் மருந்துப் புட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்து, விலை கேட்டு, ஷோப்பியில் இதைவிட மலிவாக வருகிறதே என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பக்கத்தில் கிடக்கும் ஸ்பாஞ்சையோ பிரஷ்ஷையோ யாரும் கவனிப்பதில்லை. அது கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும் சாமான், அவ்வளவுதான். எனக்கு இதில் ரொம்ப நாளாகவே உடன்பாடு இல்லை. ஆனால் ஏன் இல்லை என்று ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தது மச்சானோடு நடந்த ஒரு நீண்ட வழக்குக்குப் பிறகுதான்.

வழக்கு தொடங்கிய இடம் ஒரு கல்யாணம். சொந்தத்தில் பெண்ணுக்குக் கல்யாணம், மண்டபம் ஈப்போவில். பெண் போகிற கார் மச்சானுடைய வெள்ளை மைவி. முதல் நாள் சாயந்திரம் டவுனில் ஒரு கார் கழுவும் கடையில் விட்டு, வாக்ஸ் போட்டு, டயரெல்லாம் ஈரம் சொட்டுகிறதோ என்று நினைக்கும் அளவுக்கு மினுமினுக்க எடுத்து வந்திருந்தார். காலையில் ரிப்பன் கட்டி, பூ ஒட்டிக் கிளம்பும்போது பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஈப்போவில் இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்துக்குப் பின்னால் தொடங்கி, கதவு மேலே வளைந்து ஏறுகிற கருப்புப் புள்ளிகள். இரண்டு பக்கமும். பின் சக்கரத்திலிருந்து பம்பர் வரைக்கும் இன்னொரு வரிசை. பெண்ணின் சித்தப்பா நல்ல மனசோடு டிஷ்யூவை எடுத்துத் துடைத்தார். புள்ளியெல்லாம் கோடாக மாறியது. கடைசியில் படம் எடுக்கும் தம்பியிடம் சொல்லி, காரை ஒட்டி எடுக்கிற படங்களில் கதவின் கீழ்ப்பாதி விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மச்சானின் தீர்ப்பு அங்கேயே, மண்டபத்து வாசலிலேயே வந்துவிட்டது. மட்டமான மருந்து. கடைக்காரர் மலிவுச் சரக்கை வாங்கி அடித்திருக்கிறார், நல்ல புட்டியாக வாங்கியிருந்தால் இப்படி ஆகாது. நான் அந்தக் கடையில் காரை விட்டிருக்கிறேன், வேலை நடப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் இருக்கிறேன். ஒரு வாளி, வாளிக்குள் மருந்து, மருந்துக்குள் முழுசாக ஊறிக் கிடக்கும் ஒரு பெரிய மஞ்சள் ஸ்பாஞ்சு. வேலை செய்யும் தம்பி அதைச் சொட்டச் சொட்டத் தூக்கி டயரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வாளிக்குள் போடுவார், அடுத்த டயர், அடுத்த கார். வரிசையில் அத்தனை வண்டி நிற்கும்போது அவரைக் குறை சொல்லவும் மனசு வராது. கடையின் பெயர் எதற்கு, ஊரில் பாதிக் கடைகளில் இதே வாளிதான். நான் சொன்னது இதுதான்: மருந்து எதுவாக இருந்தாலும் அந்த வாளி ஸ்பாஞ்சு இருக்கிற வரைக்கும் புள்ளி வரும். மச்சான் சிரித்தார். பஞ்சு என்ன பண்ணும் மச்சான், அது வெறும் பஞ்சு.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். மைவிக்கு 185/55 ஆர்15 டயர் என்றால் சுற்றளவு 1.8 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ட்ரங்க் ரோட்டில் மணிக்கு 90 கிலோமீட்டர் போனால் சக்கரம் விநாடிக்கு 13, 14 தடவை சுற்றுகிறது. அந்த வேகத்தில் டயரின் பக்கச்சுவரில் உட்கார்ந்திருக்கும் ஒரு சொட்டு, தன் எடையைப்போல 150 மடங்குக்கு மேலான விசையைத் தாங்கிக்கொண்டு ரப்பரைப் பிடித்திருக்க வேண்டும். மெல்லிய பூச்சாக ஒட்டியிருந்தால் பிடித்துக்கொள்ளும். எழுத்தின் ஓரத்திலும் ரிம்மை ஒட்டிய பள்ளத்திலும் குளம் கட்டி நின்றால் பிடிக்காது, மேலே ஏறி ஓரத்திலிருந்து பறக்கும், பறந்த இடத்தில் வெள்ளைக் கதவு இருக்கும். சிலிக்கோன் எண்ணெயைக் கரைப்பானில் கலந்த பளபளப்பு வகை மருந்து சீக்கிரம் காயாது, அதனால் அதில் இந்தத் தொல்லை கூடுதல். பால் நிறத்தில் இருக்கும் தண்ணீர் வகை கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அதுவும் குளம் கட்டினால் பறக்கத்தான் செய்யும். மச்சான் கணக்கைக் கேட்டுவிட்டு, அப்போ கடைக்காரர் 60-இல் ஓட்டச் சொல்லி எழுதி வைக்கணும் என்றார்.

லோரி டயரும் சாக்குத் துணியும்

எங்கள் மாமா தோட்டத்து லோரி ஓட்டினவர். முதலில் ரப்பர் பால் ஏற்றினார், மரத்தையெல்லாம் வெட்டிவிட்டுச் செம்பனை போட்ட பிறகு குலை ஏற்றினார். ஆயுத பூசைக்கு முதல் நாள் லோரியைக் கழுவி, சாக்குத் துணியை டீசலில் நனைத்து டயரைத் துடைப்பார். மற்ற டிரைவர்களில் சிலர் பழைய எஞ்சின் எண்ணெய் போடுவார்கள், பிரேக் எண்ணெய் போடுகிறவர்களும் இருந்தார்கள். கருப்பு நன்றாகத்தான் வரும். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் ரப்பருக்குள் ஊறி உப்ப வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கெடுக்கும். டயரின் பக்கச்சுவரில் இயற்கை ரப்பரும் கலந்திருக்கிறது, அதனால் இதை யாரும் இப்போது செய்ய வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை பூசைக்குச் செய்ததால் மாமாவின் லோரி பிழைத்தது என்றுதான் நினைக்கிறேன். நான் சொல்ல வந்தது டீசலைப் பற்றி இல்லை. அவர் அந்தச் சாக்கை நனைத்ததும் முறுக்கிப் பிழிவார். பிழிந்து, இனி சொட்டாது என்று ஆன பிறகுதான் டயரில் வைப்பார். முடிந்ததும் காய்ந்த சாக்கால் இன்னொரு தடவை அழுத்தித் துடைப்பார். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த எங்களிடம், டயர் கருப்பா இருக்கணும்டா, ஈரமா இருக்கக் கூடாது என்பார். மண் ரோட்டில் ஓட்டிய மனிதருக்குத் தெரிந்த விஷயம் அது. ஈரமாக இருந்தால் மேட்டு லயம் தாண்டுவதற்குள் டயர் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும்.

இந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு ரப்பர் என்றால் முதலில் வெள்ளைதான். பக்கத்துக் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சிய ஒரு மரம் இன்னும் நிற்கிறது, பள்ளியில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அந்த மரத்தின் சாதியிலிருந்து மங்கில் (கிண்ணத்தில்) சொட்டிய பாலைத்தான் எங்கள் பெரியவர்கள் சுமந்தார்கள். டயரும் ஒரு காலத்தில் வெளிர் நிறத்தில்தான் இருந்தது. மிஷலின் கம்பெனியின் டயர் மனிதன் 1898-இல் வந்தபோது வெள்ளையாக இருந்ததற்கும் அதுதான் காரணம். தேய்மானத்தைக் குறைக்கக் கார்பன் பிளாக் என்கிற கரித்தூளைக் கலக்கத் தொடங்கிய பிறகுதான் டயர் கருத்தது. அந்தக் கரி வெயிலிலிருந்தும் ரப்பரைக் காக்கிறது. அப்படியானால் ஏன் கொஞ்ச நாளில் பழுப்பாகிறது? காற்றில் இருக்கும் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும் என்பதால் அதைத் தடுக்க 6பிபிடி போன்ற ரசாயனங்களையும் மெழுகையும் உள்ளே கலந்திருக்கிறார்கள். டயர் உருண்டு வளைந்து நெளியும்போது அவை மெதுவாக மேலே வந்துகொண்டே இருக்கும். வந்து காற்றுப் பட்டதும் பழுப்பு நிறம் காட்டும். ஆக, அந்தப் பழுப்பு டயர் தன்னைத் தானே காத்துக்கொள்வதால் வருகிறது. அதன் மேல் பழைய மருந்து, மண், பிரேக் தூள் எல்லாம் சேர்ந்து ஒரு படலமாகிவிடும்.

இந்தப் படலத்தின் மேலேயே மருந்தைப் பூசுகிறவர்கள்தான் பெரும்பாலும். கெட்டியான டயர் பிரஷ், நல்ல அழுக்கு நீக்கி, இரண்டையும் வைத்துத் தேய்த்தால் முதலில் காப்பி நிறத்தில் நுரை வரும். கழுவிவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். நுரை வெள்ளையாக வருகிற வரைக்கும் விடக் கூடாது. புது டயராக இருந்தாலும் இதைச் செய்தே ஆக வேண்டும், அச்சிலிருந்து பிரிந்து வரப் பூசியிருக்கும் வழுக்கல் பொருள் அதில் ஒட்டியிருக்கும். பிறகு நன்றாகக் காய விட வேண்டும், தண்ணீர் இருந்தால் மருந்து ரப்பரைப் பிடிக்காது. வெயிலில் ஓடிவந்த சூட்டோடும் பூசக் கூடாது, ஒரு பக்கம் பூசுவதற்குள் இன்னொரு பக்கம் காய்ந்து திட்டுத் திட்டாகிவிடும். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். நான் சேர்த்துக்கொள்வது ஒன்று: பூசுகிற சாமான் நல்லதா இல்லையா என்று கழுவாத டயரில் தெரியவே தெரியாது. எதை வைத்துப் பூசினாலும் பழுப்பைத்தான் வழித்துக்கொண்டு வரும்.

மச்சான் கேட்ட பந்தயம்

கல்யாணப் புள்ளி ஒரு வழியாக வாக்ஸ் போட்டுத் துடைத்ததில் போனது, வழக்கு போகவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. கோயிலுக்குப் போகிற வழியில் தார் ரோடு முடிந்து, செம்பனைக்கு நடுவே செம்மண் ரோடு. மச்சான்தான் சொன்னார், பேசிக்கிட்டே இருக்கறதுக்கு ஒரே காரில் பார்த்துவிடலாம் என்று. என் மைவியின் நாலு டயரையும் ஒரே அளவுக்குக் கழுவினோம். ஒரே புட்டி, பால் நிறத் தண்ணீர் வகை. ஆளுக்கு ஒரு பழைய மங்கில் ஊற்றிக்கொண்டோம் (பிளாஸ்டிக் மங்கு இந்த வேலைக்கு ரொம்பப் பொருத்தம், அடி கனமில்லாமல் கையில் நிற்கும்). இடது பக்க டயர்கள் மச்சானுக்கு, வளைவாக வெட்டிய ஸ்பாஞ்சு. வலது பக்கம் எனக்கு, சாயம் அடிக்கும் இரண்டு அங்குல பிரஷ்.

நான் ஒரு டயரில் எழுத்து எழுத்தாகக் குத்திக்கொண்டிருக்கும்போதே அவர் இரண்டையும் முடித்துவிட்டுத் தேத்தண்ணி கலக்கச் சொல்லிவிட்டார். பார்வைக்கு அவர் பக்கம் மின்னியது. என் பக்கம் மங்கலாக, புது டயரின் நிறத்தில் கிடந்தது. கழுவின மாதிரியே தெரியலையே மச்சான் என்றார். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இருக்கிற எண்ணம் அதுதான், மின்னினால்தான் கழுவியது. வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துக் கடையில் கழுவுகிறவருக்குக் கொடுத்த காசு கண்ணில் தெரிய வேண்டும், அதனால் கடைக்காரரும் சொட்டச் சொட்ட அடிக்கிறார். யாரைக் குற்றம் சொல்வது.

திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தபோது இடது டயர்களில் எழுத்தைச் சுற்றியும் ரிம்மின் ஓரத்திலும் செம்மண் பசையாக ஒட்டியிருந்தது. கதவின் கீழே சின்னச் சின்னப் புள்ளிகளும் இருந்தன. வலது பக்கம் தூசி படிந்திருந்தது, காய்ந்த துணியால் தட்டியதும் போய்விட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைத்தேன். மச்சான் சும்மா விடுகிற ஆளில்லை. நாம இடது பக்கம் ஓட்டுற நாடு, எதிரே டிராக்டர் வந்தா இடது பக்கம்தான் ஒதுங்குறோம், ரோட்டோர மண்ணெல்லாம் அந்த டயருக்குத்தானே வரும் என்றார். நியாயமான பேச்சு. அடுத்த தடவை பக்கத்தை மாற்றிக்கொண்டோம். இப்போது மண் வலது பக்கத்தில், அவருடைய பக்கத்தில் ஒட்டியது. இனி வழக்கு முடிந்தது என்றுதான் நானும் இருந்தேன்.

ஆனால் அதற்கடுத்த முறை அவர் வேறு ஒரு வேலை செய்தார். அதே ஸ்பாஞ்சு, அதே தாராளம். பூசிவிட்டு, தேத்தண்ணி குடித்து முடிக்கிற வரைக்கும் விட்டுவிட்டு, காரிலிருந்து ஒரு பழைய பனியனை எடுத்து வந்தார். டயர் முழுக்க, தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுத் துண்டால் அழுத்தி எடுப்பதுபோல, அழுத்தி அழுத்தித் துடைத்தார். மினுமினுப்பு அத்தனையும் போய்விட்டது. ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் அவர் பக்கத்துக்கும் என் பக்கத்துக்கும் கதவில் வித்தியாசமே இல்லை, டயரிலும் கிட்டத்தட்ட இல்லை. மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பஞ்சு என்ன பண்ணும் என்று அவர் முதலில் கேட்ட கேள்வியை அவரே வேறு பக்கத்திலிருந்து திரும்பக் கேட்டதாக எனக்குப் பட்டது. அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்தப் பனியன்தான் மனசில் ஓடியது. அதை எடுத்துப் பிழிந்தால் சொட்டும், அத்தனை மருந்து அதில் இருந்தது. முந்தின தடவைகளில் அதெல்லாம் கதவுக்கும் மண்ணுக்கும் போயிருக்கிறது. சாக்கைப் பிழிந்து வைத்த மாமா இதை டயருக்குப் போவதற்கு முன்னாலேயே செய்தார், மச்சான் போன பிறகு செய்கிறார், கணக்கு ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நான் பிரஷ்தான் ஒசத்தி என்று மொட்டையாகச் சொல்வதில்லை. பூசுகிற சாமானைப் பார்க்கும்போது, இது டயரில் எவ்வளவு மருந்தை விட்டுவிட்டு வரும் என்றுதான் முதலில் பார்க்கிறேன். துடைக்கிற பொறுமை இருக்கிறவர் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பொறுமை குறைச்சல், புட்டியில் பாதியைப் பனியனுக்குக் கொடுக்கவும் மனசில்லை. அதோடு மச்சானின் டயரைக் கிட்டே போய்ப் பார்த்தால் தெரிகிற ஒரு குறை பனியனாலும் தீரவில்லை: புடைத்த எழுத்துகளின் தலை கருப்பாக இருந்தது, எழுத்துக்கு நடுவே இருக்கும் பள்ளம் வெளுத்துக் கிடந்தது. ஸ்பாஞ்சு எழுத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. பள்ளம் வெளுப்பாகத் தெரிந்ததும் மனிதர் இன்னும் கொஞ்சம் மருந்தை ஊற்றி அழுத்துகிறார், அது எழுத்தின் ஓரத்தில் போய் நிற்கிறது. குளம் உண்டாவதே இப்படித்தான்.

கடையில் நிற்கும்போது

இப்போது சாமான்களுக்கு வருகிறேன். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சைப் பாதியாக வெட்டி எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பச்சைச் சுரண்டியைப் பிய்த்துவிட்டால் ஓரளவுக்கு ஓடும். ஆனால் அது பெரிய ஓட்டை உள்ள பஞ்சு, குடிக்கிற அளவுக்குக் குடித்துவிட்டு, அழுத்துகிற இடத்தில் மொத்தமாகக் கக்கும். டயரின் எழுத்தில் உரசி உரசிச் சீக்கிரம் நார் நாராகப் பிய்ந்தும் போகும், பிய்ந்த துணுக்குகளைப் பிறகு டயரிலிருந்து நகத்தால் எடுக்க வேண்டும். புது டயரில் முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் நுனிகள் இருக்குமே, அவை ஒரே தடவையில் அதைக் கிழித்துவிடும்.

டயருக்கென்றே விற்கிற, ஒரு பக்கம் குழிவாக வெட்டிய ஸ்பாஞ்சுக் கட்டைகளில் அடர்த்தியானதும் உண்டு, லேசானதும் உண்டு. விரலால் அழுத்திப் பாருங்கள். அடர்த்தியானது மெதுவாக எழும்பி வரும், குறைவாகக் குடிக்கும், ஒரே சீராக விடும். வழவழப்பான பக்கச்சுவர் உள்ள டயருக்கு இதைவிட வேகமான சாமான் இல்லை. குழிவு உங்கள் டயரின் புடைப்போடு பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 185/55 டயரின் பக்கச்சுவர் உயரம் 10 சென்டிமீட்டர். ரிம்மைப் பெரிதாக்கி 205/40 போட்டிருக்கும் தம்பிகளுக்கு 8 சென்டிமீட்டர்தான், அதில் பெரிய கட்டையை வைத்தால் பாதி மருந்து ரிம்முக்குப் போகும். கைப்பிடி உள்ள வகைகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, கையில் கருப்பு படாது, ஆனால் எவ்வளவு அழுத்துகிறோம் என்று கைக்குத் தெரியாது.

மைக்ரோஃபைபர் துணி சுற்றிய வட்டத் தலையணைகளை நான் சில காலம் விரும்பினேன். நீர்த்த மருந்துக்கு அது நல்லது, சொட்டவிடாது, மெல்லிசாக இழுக்கும். கஷ்டம் என்னவென்றால் சொரசொரப்பான ரப்பரில் அதன் நூல் சிக்கிக்கொள்ளும், எழுத்துப் பள்ளத்துக்குள் ஸ்பாஞ்சைப் போலவே அதுவும் போகாது. சீட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் வாங்கி வைத்ததை அவசரத்துக்கு டயரில் வைத்துவிட்டால் திரும்ப உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது வேறு. சிலிக்கோன் துணியை விட்டு லேசில் போகாது. ஸ்டீயரிங்கிலும் பிரேக் பெடலிலும் அது கொஞ்சம் பட்டாலும் வழுக்கும். அதே துணி முன் கண்ணாடிக்குப் போனால் அடுத்த மழையில் வைப்பர் ஓட ஓடக் கண்ணாடி மங்கும், நம் ஊரில் அடுத்த மழை என்பது பெரும்பாலும் அதே சாயந்திரம்.

பிரஷ்ஷுக்கு வருவோம். ஹார்ட்வேர் கடையில் இரண்டு மூன்று வெள்ளிக்குக் கிடைக்கும் சாயம் அடிக்கும் பிரஷ் போதும், டயருக்கென்று பெயர் போட்டு விற்பதற்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் எதை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். விலங்கு முடி பிரஷ் தண்ணீரைக் குடித்துத் துவண்டுவிடும், அதனால் தண்ணீர் வகை மருந்துக்கு நைலான் போன்ற செயற்கை முடி, கரைப்பான் வகைக்கு விலங்கு முடி. சாயம் அடிக்கிறவர்களைக் கேட்டால் அவர்களும் இதையேதான் சொல்வார்கள். வாங்கும்போதே முடியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கையோடு வருகிற பிரஷ் டயரிலும் முடி உதிர்க்கும். முடி நீளமாக இருந்தால் வளைந்து திரும்பும்போது தெறிக்கும், ரிம்மிலும் பெயிண்டிலும் புள்ளி விழும். கத்தரிக்கோலால் பாதியாக வெட்டிவிட்டால் விறைப்பாகிவிடும், பள்ளத்துக்குள் குத்தவும் வசதி. முடியைப் பிடித்திருக்கும் தகரப் பட்டையைச் சுற்றி டேப் ஒட்டுங்கள், இல்லையென்றால் ரிம்மில் கீறல் நிச்சயம். மருந்தில் முடியின் நுனியை மட்டும் தொட்டு, மங்கின் விளிம்பில் ஒரு தடவை வழித்துவிட்டு, டயரில் முதலில் எழுத்து உள்ள இடத்தில் வைத்துக் குத்திவிட்டு, பிறகு அங்கிருந்து வெறும் இடத்துக்கு இழுக்க வேண்டும். தொட்டது தீர்ந்து, பிரஷ் காய்ந்து இழுக்கிற சத்தம் கேட்கிற வரைக்கும் மறுபடி தொடக் கூடாது. இந்தச் சத்தம் ஸ்பாஞ்சில் கிடையாது, அதனால்தான் ஸ்பாஞ்சுக்காரர்களுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரிவதில்லை.

ஜெல் வகை மருந்தாக இருந்தால் பிரஷ்ஷில் வேலை இன்னும் சுலபம், சொட்டாது. ரொம்ப நீர்த்த மருந்து பிரஷ்ஷிலிருந்து முழங்கை வரைக்கும் ஓடிவரும். அதற்கு நான் பிரஷ்ஷால் எழுத்தை மட்டும் முடித்துவிட்டு, மிச்சத்துக்கு அடர்த்தியான ஸ்பாஞ்சை எடுக்கிறேன். டின்னிலிருந்து நேரே டயரில் பீய்ச்சுகிறவர்களிடம் எனக்குப் பேச்சு இல்லை. ரிம்மின் இடைவெளி வழியாக அது பிரேக் டிஸ்க் வரைக்கும் போகும், வாசல் சிமெண்டில் விழுந்தால் அடுத்து வருகிறவர் வழுக்கி விழுவார்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வருஷம் எங்கள் தாமானிலேயே பார்த்தேன். காரைக் கழுவி முடித்து, மருந்து மிச்சம் இருக்கிறதே என்று பையன்கள் அதே ஸ்பாஞ்சோடு மோட்டார் சைக்கிள் டயருக்குப் போகிறார்கள். கார் டயரில் பக்கச்சுவர் ரோட்டைத் தொடுவதில்லை, தரையில் படுகிற பகுதியில் பூசாமல் இருந்தால் போதும். மோட்டார் வளைவில் சாயும்போது டயரின் ஓரம் ரோட்டில் படும். அந்த ஓரத்தில் மருந்து இருந்தால் சாய்ந்த இடத்திலேயே படுக்க வேண்டியதுதான். ஸ்பாஞ்சு எங்கே பூசுகிறது, எங்கே விடுகிறது என்று பார்த்துப் பூச முடியாது. பிரஷ்ஷால் பார்த்துப் பூசலாம்தான், ஆனால் மோட்டார் டயருக்கு எதையுமே பூச வேண்டாம் என்பதுதான் என் பேச்சு. சோப்புத் தண்ணீர் போதும்.

முடிந்ததும் பிரஷ்ஷைச் சோப்புப் போட்டு அலசி, உதறி, முடி கீழே பார்க்கத் தொங்க விடுகிறேன். தண்ணீர் வகை மருந்து என்றால் அலசினால் போகும், கரைப்பான் வகை முடிக்குள் பசையாக நின்றுவிடும். ஸ்பாஞ்சை அலசி வைப்பதில் பெரிய பயன் இல்லை, ஜிப் போட்ட பையில் மூடி வைத்தால் காயாமல் அடுத்த முறைக்கும் ஓடும். ஆனால் கீழே விழுந்து மணல் ஒட்டிவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அது இனி டயரைத் தவிர எதைத் தொட்டாலும் கீறும். இந்தச் சாமான்கள் எதுவும் குசினிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது அவரவர் பொறுப்பு. எங்கள் வீட்டில் மங்கின் மேல் பெயிண்டால் கார் என்று எழுதி வைத்திருக்கிறாள் என் மனைவி.

மச்சான் இப்போது ஹைலக்ஸ் பிக்கப் வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறார், முன்பணம்கூடக் கட்டிவிட்டதாகக் கேள்வி. அதற்குச் சேற்று டயர் போடப் போகிறாராம், பக்கச்சுவர் வரைக்கும் கட்டை கட்டையாகப் புடைப்பு இருக்கிற வகை, ஒவ்வொரு கட்டைக்கும் நடுவே விரல் போகிற பள்ளம். ஸ்பாஞ்சை எப்படி உள்ளே விடப் போகிறார் என்று கேட்டேன். பனியன் இருக்கு மச்சான் என்கிறார்.